நம்ம பேர்லயே வர்ற துணியும் செருப்பும்: எடுத்திருக்கீங்களா? எடுக்கலாமா?

சங்கரி (விருதுநகர்)

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில தம்பிக்குக் கல்யாணம். வரவேற்புக்குப் போட்டுக்குற கோட்டு சூட்டு நான் எடுத்துத் தர்றதா பேச்சு. கடையில சூட்டிங் பக்கம் நின்ன பெரியவர், "மாப்பிள்ளை பேர் என்னம்மா?"ன்னு கேட்டார். விமல்னேன். உடனே விமல்ங்குற கம்பெனியோட துணிக்கட்டு ஒண்ணை இழுத்து மேசை மேல உருட்டி, "அப்புறம் என்ன யோசனை, ஒன்லி விமல்தான்"னு சொல்லிட்டார். நல்ல கருநீலம், கைக்கு வழுவழுன்னு இருந்துச்சு. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா, "துணியப் பார்த்து எடுப்பாங்களா, பேரைப் பார்த்து எடுப்பாங்களா?"ங்குறார். தம்பி எதுவும் சொல்லல. உங்க பேர்லயே வர்ற துணி, செருப்பு வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. போட்டுக்கிட்டப்ப எப்படி இருந்துச்சு?

மேசைக்காரர் (மதுரை)

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சூட்டிங் மேசையிலயே தலை நரைச்சவன் நான். பேரைச் சொல்லி விக்கிறது எங்க தொழில்ல ரொம்பப் பழைய பழக்கம். அந்தப் பெரியவர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

முதல்ல அந்தப் பேரோட கதை. அகமதாபாத் பக்கம் நரோடாவுல 1966-ல திருபாய் அம்பானி மில் தொடங்கினார். அந்தத் துணிக்கு அவர் வச்சது, தன் அண்ணன் ரம்ணிக்பாயோட மகன் பேர். அதான் விமல். ஒரு சித்தப்பா வீட்டுப் பிள்ளை பேரைத் துணிக்கு வச்சிருக்கார். நீங்க உங்க வீட்டுப் பிள்ளைக்கு அதை எடுக்குறீங்க. இதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல தாயி.

ஆனா அப்பா கேட்டதும் நியாயம். துணிய உள்ளங்கையில கசக்கிப் பிடிச்சு விடுங்க. மடிப்பு தானா விரிஞ்சா எடுங்க, அப்படியே நின்னா வேண்டாம். ஆவணியிலயும் புழுக்கம் இருக்கும், முழுக் கம்பளி ஆகாது, செயற்கை நூல் கலப்பான பாலி விஸ்கோஸ் போதும். கோட்டும் பேண்டும் சேர்த்துன்னா மூணேகால் மீட்டர் எடுங்க. தம்பி உயரம்னா டெய்லர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, பத்தாமப் போனா அதே கட்டு மறுபடி கிடைக்காது.

இன்னொண்ணு. சூட்டிங் துணியோட ஓரத்துல கம்பெனி பேர் நெடுக அச்சடிச்சிருக்கும். மீட்டர் போடும்போது நாங்க தினம் பார்க்குறது. டெய்லர் அதை வெட்டிக் கீழ போட்டுடுவார். வேணும்னா முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கங்க.

தினேஷ் (கும்பகோணம்)

மேசைக்காரர் ஐயா சொன்ன அந்த ஓரம் எங்க வீட்டுல இன்னமும் இருக்கு.

வதோதராவுல தினேஷ் மில்ஸ்னு 1935-லேர்ந்து இருக்குற கம்பெனி. எண்பதுகள்ல கோட்டுத் துணின்னா அந்தப் பேரும் சொல்வாங்க. எனக்குப் பேர் வச்ச வருஷம் அப்பா அந்தத் துணியில ஒரு கோட்டுத் தச்சுக்கிட்டார், அவருக்கு. பையன் பேர் போட்ட துணின்னு தேடிப்பிடிச்சு வாங்கினது. டெய்லர் கடைக்குப் போய் நின்னு, ஓரத்தை வெட்டிப் போடாம உள்பாக்கெட்டுக்குக் கீழ வச்சுத் தைக்கச் சொல்லியிருக்கார். இப்பவும் கோட்டைத் திருப்பினா லைனிங் மேல ஒரு விரல் அகலத்துக்கு அந்தப் பட்டி தெரியும். எழுத்து பாதிக்கு மேல மங்கிடுச்சு, கடைசி எழுத்து மட்டும் பளிச்சுன்னு இருக்கு. பட்டியச் சுத்திக் கையால போட்ட சின்னச் சின்ன ஓட்டுத்தையல்.

அப்பா இப்ப இல்ல. அந்தக் கோட்டு எனக்குத் தோள்ல பிடிக்குது, ஆனா பிரிச்சு அகலம் வைக்க மனசு வரல. அக்கா, நீங்க எடுங்க. ஓரத்தையும் விட்டுடாதீங்க.

ரூபா (சேலம்)

எனக்கு மாத்துக் கருத்து இருக்கு. மனசுல பட்டதைச் சொல்லிடுறேன்.

என் பேர் எங்க அப்பாயி பேர். ரூபாவதி. அப்பாவுக்கு அவங்க அம்மான்னா உசிரு, அதனால எனக்கு அதைச் சுருக்கி வச்சார். பள்ளிக்கூடத்துல ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் நான் "பனியன்". கொல்கத்தாவுல 1968-ல தொடங்கின ரூபா கம்பெனி, ஊர் ஊருக்கு ஜட்டி பனியன் விளம்பரம். கம்பெனி ஒரு தப்பும் பண்ணல, அவங்க துணி நல்ல துணி. சுவத்துல எங்க அந்தப் பேர் இருந்தாலும் பசங்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க. தினேஷ், விமல்னு ஆம்பளப் பேரா இருந்தா கோட்டுத் துணி. பொம்பளப் பேரா இருந்தா உள்ளாடை. அந்த வயசுல அது எவ்வளவு வலிக்கும்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன புதுசுல ஆசையா அந்தக் கம்பெனி துணியே வாங்கிட்டு வந்தார். அவருக்கு என் கதை தெரியாது. நான் பெட்டியத் திறக்கவே இல்ல.

சங்கரி, உங்க தம்பி எதுவும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. அதை முதல்ல கேளுங்க. பான் மசாலா பாக்கெட்டுலயும் அந்தப் பேர் வருது. அவரை எத்தனை பேர் எத்தனை வருஷம் அதைச் சொல்லிக் கூப்பிட்டாங்களோ.

சங்கரி (விருதுநகர்)

ரூபா, இது எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட பேசுறேன். எழுதினதுக்கு நன்றிம்மா.

கிண்டி குமாஸ்தா (சென்னை)

வணிகச் சின்னம் பதிவு பண்ற வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்க்குறேன். பதிவகமும் இங்க கிண்டியிலதான் இருக்கு. பான் மசாலா பேச்சு வந்ததால சொல்றேன்: துணிக்காரரும் பான் மசாலாக்காரரும் ஒரே ஆள் இல்ல. பொருள், சேவை எல்லாத்தையும் 45 வகுப்பாப் பிரிச்சிருக்காங்க. மீட்டர் துணி 24-ம் வகுப்பு. தச்ச உடுப்பு, செருப்பு, தொப்பி மூணும் 25-ம் வகுப்பு. புகையிலை 34. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பதிவு, அதனால ஒரே பேரை ரெண்டு மூணு கம்பெனி வேற வேற பொருளுக்கு வச்சுக்க வழி இருக்கு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுட்டே இருக்கலாம். நாடறிஞ்ச பேரா இருந்தா மட்டும் வேற வகுப்புலயும் தடுக்கப் பார்ப்பாங்க.

நிறைய பேர் என்கிட்ட கேக்குறது: "என் பேர்ல ஏற்கெனவே கம்பெனி இருக்கு, நான் என் பேர்ல கடை வைக்கக் கூடாதா?" 1999 சட்டத்தோட 35-வது பிரிவு அதுக்குத்தான். நல்லெண்ணத்தோட தன் சொந்தப் பேரைப் பயன்படுத்துற ஆளை, பதிவு பண்ணினவர் தடுக்க முடியாது. நல்லெண்ணம்ங்குறதுதான் முக்கியம். பெரிய கம்பெனியோட எழுத்து வடிவத்தையும் நிறத்தையும் அப்படியே எடுத்துப் போட்டுட்டு "இது என் பேரு"ன்னா நீதிமன்றம் கேக்காது.

பேருக்கு உரியவரே பேரை இழந்ததும் உண்டு. இங்கிலாந்து இளவரசி டயானாவோட கல்யாண கவுனை வடிவமைச்ச எலிசபெத் இமானுவேல், தொழிலைக் கை மாத்தினப்ப தன் பேரும் கூடவே போயிடுச்சு. திரும்பக் கேட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2006-ல அவங்களுக்கு எதிராத் தீர்ப்பு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்குச் சீனாவுல வேற மாதிரி. அவர் பேரோட சீன உச்சரிப்பை ஒரு விளையாட்டு உடுப்புக் கம்பெனி பதிவு பண்ணி வச்சிருந்துச்சு. 2012-ல வழக்குப் போட்டார், சீன எழுத்துல இருந்த பேரை 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் கொடுத்துச்சு. ஆங்கில எழுத்துல வர்ற உச்சரிப்பு அப்ப அவருக்குக் கிடைக்கல.

ரேமண்ட் (தூத்துக்குடி)

என் பேரக் கேட்டதும் "ஓ, துணிக்கடையா?"ம்பாவ. கல்யாண வீட்டுல, வேலை கேட்டுப் போன எடத்துல, எங்கயும் இதே கதைதான்.

எங்கம்மாவுக்கு நான் வயித்துல இருக்கும்போது நிலமை மோசம். புனித ரேமண்ட் நொன்னாட்டஸ் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பாதுகாவலர். அவரு தாய் இறந்த பெறவு வயித்தக் கீறி எடுத்த பிள்ளைன்னு சொல்லுவாவ. ஆகஸ்ட் 31 அவரு திருநாள். ஆச்சி அவருக்கு நேந்துகிட்டா. அம்மாவும் பொழச்சா, நானும் பொழச்சேன். அதான் என் பேரு. மும்பை பக்கம் தானேயில 1925-ல தொடங்கின மில்லுக்கு அந்தப் பேரு வந்தது அங்க நிர்வாகத்துல இருந்த ரேமண்ட் குடும்பத்தால. 1944-ல சிங்கானியா குடும்பத்துக்கு வந்த பெறவும் பேர மாத்தல. அவுக கதை வேற, என் கதை வேற.

ஆனாலும் நான் அந்தத் துணிதான் எடுப்பேன். சொந்தச் சம்பளத்துல எடுத்த முதல் பேண்ட் பிட்டு அதான். அம்மா மடியில வச்சு ஓரத்துல இருந்த எழுத்த ஒண்ணொண்ணா வாசிச்சா. அவளுக்கு இங்கிலீஷ்ல வாசிக்கத் தெரிஞ்சதே என் பேரு மட்டுந்தான். ரூபா தங்கச்சி, ஒனக்குப் பட்ட வலி புரியுது. எனக்கு அந்தப் பக்கம் வாய்க்கல, நல்ல பக்கம் வாய்ச்சிருக்கு.

மேரி (நாகர்கோவில்)

செருப்பு பத்தி யாரும் பேசலயே. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்குப் போடுற கறுப்பு ஷூ, குறுக்க ஒரு பட்டை, பக்கவாட்டுல பக்கிள். அதுக்கு உலகம் முழுக்க மேரி ஜேன்னு பேர். அமெரிக்கப் பத்திரிகையில 1902-ல வர ஆரம்பிச்ச பஸ்டர் பிரவுன் சித்திரக்கதையில அந்தப் பையனோட வர்ற சின்னப் பொண்ணு பேர் மேரி ஜேன். 1904-ல செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில பிரவுன் ஷூ கம்பெனி அந்தப் பாத்திரங்களோட பேரை வாங்கிச்சு, அந்தச் சின்னப் பொண்ணு பேர் ஷூவுக்கு ஒட்டிக்கிச்சு.

எனக்கு இது தெரிஞ்சது என் மகளுக்கு ஷூ வாங்குறப்ப, பெட்டி மேல இருந்த பேரைப் படிச்சுத்தான். அவளும் ஒரு மேரி, மேரி ஜெனிபர். "இது என் ஷூ"ன்னு தூங்கும்போதும் கழட்டல. குழந்தைகளுக்கு இந்த சந்தோஷத்தைக் கொடுக்கணும். பேர் வெளிய எங்க பார்த்தாலும் அதுங்களுக்கு நம்மள யாரோ கவனிச்ச மாதிரி இருக்கும்.

நதியா (திருச்சி)

என் பேருக்கு முன்னாடியே சாமான் வந்துடுச்சு. நடிகை நதியா 1985-ல தமிழுக்கு வந்தாங்க. அப்புறம் கடைவீதி முழுக்க நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை, நதியா டிரஸ். அம்மா அந்த வளையலை ஆசையாப் போட்டு, அப்புறம் பொறந்த எனக்கு அந்தப் பேரையே வச்சாங்க. என் வயசுக்காரங்கள்ல எத்தனை நதியான்னு எண்ணிப் பாருங்க. எனக்கு அந்தப் பேர்ல இருந்த பெரிய வட்டக் கம்மல் ஒரு ஜோடி அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கு. பிளாஸ்டிக்தான். நான் தங்கத்தைக் கழட்டி வச்சுட்டு அதைப் போட்டுக்குற நாள் உண்டு.

வன்னி அண்ணா (டொரண்டோ)

நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச பிள்ளையளுக்கு வேற பிரச்சினை. கடையில பேர் போட்ட சாவிக்கொத்து, தொப்பி, சப்பாத்து எல்லாம் அடுக்கியிருக்கும், எங்கட பேர் மட்டும் இராது. என்ர மகன் சின்னனில ஒவ்வொரு கடையிலயும் அந்தச் சுழல் தட்டைச் சுத்திச் சுத்திப் பாப்பான்.

பிறகு நைக்கிக்காரர் நாங்களே பேர் குடுத்துச் சப்பாத்துச் செய்விக்கலாம் எண்டு விட்டவை, 1999-ல தொடங்கினது. மகன் தன்ர பேரை அடிச்சுப் பாத்தான், கொள்ளேல்ல. எழுத்துக்கு அளவு வச்சிருக்கினம், எங்கட பேரோ நீளம். கடைசியில வீட்டுப் பேரைப் போட்டான், அவன்ர அம்மம்மா கூப்பிடுற பேர். அந்தச் சப்பாத்து தேஞ்ச பிறகும் எறிய விடேல்ல.

எதையும் எழுதவும் விடமாட்டினம். 2001-ல அமெரிக்காவில ஜோனா பெரெட்டி எண்ட மாணவர், தொழிலாளரைக் கசக்கிப் பிழியிற ஆலையைக் குறிக்கிற சொல்லைத் தன்ர சப்பாத்தில போடச் சொல்லிக் கேட்டார். கம்பனி மறுத்திட்டுது. அந்த மின்னஞ்சல்கள் உலகம் முழுக்கச் சுத்தினது.

செல்வி (திருப்பூர்)

அண்ணன் கடைசியா சொன்னதுல எனக்கும் சொல்ல இருக்குதுங்க. பனியன் கம்பெனியில சிங்கர் டெய்லருங்க நானு. கழுத்துப் பட்டிக்குக் கீழ மெயின் லேபிள் வைக்கறது என் வேலை. ஆர்டரைப் பொறுத்து பேர் மாறும். ஒரு வாரம் ஜெர்மனிக்காரர் பேரு, அடுத்த வாரம் இத்தாலிக்காரர் பேரு. லேபிள் நூல் அளவு கோணினாலும் செக்கிங்ல பீஸு திரும்பி வந்துருமுங்க. அந்தப் பேரு நேரா இருக்கோணும்னு கண்ணு வலிக்க வலிக்கத் தைக்கறமுங்க.

எங்க ஊருப் பேரும் உண்டுங்க. ராம்ராஜ் வேட்டி 1983-ல இங்கதான் தொடங்குனது. அதைத் தொடங்குனவரு அப்பா ராமசாமி பேர்ல பாதி, தன் பேரு நாகராஜன்ல பாதி சேர்த்து வச்சாருன்னு எல்லாருக்குந் தெரியும். எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா பேரும் ராம்ராஜ்தானுங்க. அவருக்குப் பொங்கலுக்கு அந்த வேட்டியத்தான் எடுத்துக் கொடுப்பாங்க, பேர் தெரியற மாதிரி மடிச்சு வச்சுக்குவாரு.

ஆனா ஒரு மீட்டிங்கில ஒரு அக்கா கேட்டது எனக்கு மறக்கலீங்க. "இத்தனை பேர் பேரைத் தைக்கறமே, இதுல நம்ம பேரு எங்கடி?"ன்னுச்சு. துணி வாங்கறவங்க லேபிளை ஒருக்கா தொட்டுப் பாருங்க. அதைத் தைச்ச கைக்கும் ஒரு பேரு இருக்குதுங்க.

இளங்கோ (தஞ்சாவூர்)

செல்வி சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத வரல. எனக்கும் இந்தப் பேர்ப் பொருத்தத்துல ஆரம்பத்துலேர்ந்து ஒப்புதல் இல்ல. மில் முதலாளி அவர் வீட்டுப் பிள்ளை பேரை வைக்கிறார், ஷூ கம்பெனிக்காரர் தன் பேரை வைக்கிறார். ஆதி டாஸ்லர் தன் செல்லப் பேரையும் குடும்பப் பேரையும் ஒட்டி 1949-ல அடிடாஸ் வச்சார். தம்பியோட பிரிஞ்சு போன அண்ணன் ருடால்ஃப் அதே மாதிரி ரூடான்னு வச்சுட்டு அப்புறம் பூமான்னு மாத்தினார். அதெல்லாம் அவங்கவங்க வீட்டு விஷயம். நாம காசு கொடுத்து அதைச் சுமக்கணுமா? அடிடாஸ்ல ஸ்டான் ஸ்மித்னு ஒரு வெள்ளை ஷூ. அவர் 1972-ல விம்பிள்டன் ஜெயிச்ச டென்னிஸ்காரர். இப்ப அதைப் போடுற பசங்கள்ல பாதிப்பேருக்கு அது ஒரு மனுஷன்னே தெரியாது. பேர் பொருளா மாறினா ஆள் மறைஞ்சிடுறார்.

தினேஷ் (கும்பகோணம்)

இளங்கோ சார், எங்க அப்பா விஷயத்துல அப்படி ஆகல. கம்பெனிக்காரர் யாருன்னே அவருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் நினைக்கல. அவர் கண்ணுக்கு அந்த எழுத்து என் பேர்தான்.

சங்கரி (விருதுநகர்)

தம்பிகிட்ட பேசிட்டேன். ரூபா சொன்னது சரி. ஹாஸ்டல்ல அவனை பாக்கெட்னு கூப்பிட்டிருக்காங்க, நாலு வருஷம். வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மேசைக்காரர் ஐயா சொன்ன சித்தப்பா கதையைச் சொன்னேன். தினேஷ் எழுதின ஓரத்தையும் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தத் துணிய நானே வந்து பார்க்குறேன்க்கா"ன்னான். நேத்து ரெண்டு பேரும் போனோம். கையில கசக்கிப் பார்த்தோம், மடிப்பு நிக்கல. ஆனா அவன் அதை ஒதுக்கி வச்சுட்டு, பக்கத்துல இருந்த வேற கம்பெனி சாம்பல் நிறத் துணியத்தான் தேர்ந்தெடுத்தான். மூணேகால் மீட்டர் வெட்டியாச்சு. அவனுக்கு அதுதான் பிடிச்சிருக்கு, எனக்கும் சம்மதம்.

இப்ப ஒரே கேள்வி. கோட்டுக்கு உள்பக்கம் அவன் பேரையும் பொண்ணு பேரையும் தமிழ்ல வைக்கணும்னு கேக்குறான். செல்வி, இதுக்கு லேபிள் நெய்யக் கொடுக்கணுமா?

செல்வி (திருப்பூர்)

லேபிள் வேண்டாமுங்கக்கா, ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் நெய்ய மாட்டாங்க. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடையில கொடுங்க. லைனிங் துணியத் தைக்கறதுக்கு முந்தியே கொடுத்துருங்க, கோட்டு தச்சு முடிச்சப்பறம் பிரேம்ல மாட்டறது சிரமம். பின்பக்கம் பேக்கிங் தாள் வைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி லைனிங் சுருங்கிக்கும். எழுத்து ரொம்பச் சின்னதா வேண்டாம், தமிழ்ல சுழி அடைஞ்சு போயிருமுங்க. புள்ளி விழுதான்னு மிச்சத் துணியில ஒருக்கா தச்சுக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டு அப்பறம் ஓட்டச் சொல்லுங்க.